பெயின்டரும் இன்ஜினீயரும்

எனக்குப் படிக்கப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த அன்றைக்கே புத்தகத்தோடு என் உறவு முடிந்தது. இரண்டு தரப்புக்கும் நஷ்டமில்லை. என் வீட்டுக்காரர் காலையில் செய்தித்தாளோடு கழிவறைக்குள் போனால், ஊரில் நடந்த கொலை அத்தனையையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வருவார். படிக்கிறவர்கள் எல்லோருமே அப்படித்தான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார்கள். வெளியே நிற்கிறவர்களின் அவசரம் அவர்களுக்குத் தெரியாது.

என் ஓரகத்தி படிக்கிறவள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு அது முதல் காரணம் இல்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். என் கொழுந்தனின் மனைவி அவள். மாமனார் போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்துக் கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பினோம். ஜன்னல் அவள் பக்கம் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது சுவரலமாரி. காற்று வேண்டுமென்றால் சுவரலமாரியைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மாடியில் துணி காயப்போடும் கொடி மட்டும் இன்னும் பொதுவில் இருக்கிறது. அதில் யாருடைய புடவை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை வைத்து நாங்கள் இருவரும் வருஷக்கணக்காகப் போர் நடத்தி வருகிறோம்.

கொழுந்தன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டு படுத்த பிறகு, மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் சூப்பர்வைசர். வேறு வழியில்லாமல் அவளுக்கு அங்கே இஸ்திரி மேசையில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். அவள் சம்பளத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறது. முதல் நாளே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வேலையிடத்தில் உறவு கிறவு எல்லாம் கூடாது, என்னை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று சொன்னேன்.

“சரிக்கா” என்றாள்.

எங்கள் லாண்டரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துவைத்து உலர்ந்து வரும் துணி இஸ்திரிக் கூடத்துக்கு வரும். அங்கே ஆறு மேசை, ஆறு பெண்கள். தேய்த்து மடித்து அடுக்கி, அடுக்கின் மேல் தங்கள் மேசை எண் பொறித்த தகர வில்லையை வைப்பார்கள். அது என் ஸ்டோருக்கு வரும். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் துணியை மட்டும் அங்கே தனியாக மூட்டை கட்டி, வில்லையை முடிச்சில் கோத்து, ஆவி இயந்திரத்தில் வேகவைத்துக் கிருமியைக் கொன்று மேலே அனுப்புவோம். அந்த மூட்டையைத் தியேட்டரில்தான் பிரிப்பார்கள். நடுவில் ஒரு தலைமுடி விழுந்தால்கூட என் தலை உருளும். அதனால் எல்லோரையும் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவேன். என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் எனக்கு ‘கஞ்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். விறைப்பாம். வைத்துவிட்டுப் போகட்டும், கஞ்சி போடாத துணி ஒரு துணியா?

ஒரு வாரமாக இஸ்திரிக் கூடத்தில் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் நுழைந்தால் நின்றுவிடும். நான் திரும்பினால் ஆரம்பிக்கும். ஐந்தாம் மேசைக்காரி, பேரன் எடுத்தவள், முகம் சிவக்கத் தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையணை உறையில் சிவப்பதற்கு என்ன இருக்கிறது? நான் வெளியே போவதுபோல் போய், பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தேன். மூன்றாம் மேசையில், இஸ்திரிக் கம்பளிக்கு அடியிலிருந்து என் ஓரகத்தி எதையோ உருவிப் படித்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்தேன்.

அது முழுப் புத்தகம்கூட இல்லை. புத்தகத்தின் முதுகில் பிளேடை வைத்து ஆறு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் வெள்ளை நூலால் தைத்து வைத்திருந்தாள். முதல் துண்டை முடித்தவள் அதைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்வாள். ஒரு புத்தகத்துக்காக ஆறு பேர் காத்துக் கிடக்க வேண்டாம் அல்லவா? நூலின் முனையில் அடையாளத்துக்கு முடிச்சு. என் கையில் சிக்கியதில் மூன்று முடிச்சு இருந்தது. ஓரத்தில் புத்தகத்தின் பெயர்: ‘விளக்கடி இரவுகள்’. ஐந்து பாகமாம்.

“என்னடி இது?”

“கதைக்கா.”

“வேலை நேரத்துல என்ன கதை?”

“அடுக்கு முடிச்சாச்சு. அடுத்த துணி வர்ற வரைக்கும் சும்மாதானே நிக்கறோம்.”

அவளிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். அதுதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபத்தை வரவழைப்பது. துண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். நடந்துகொண்டே இரண்டு பக்கம் பார்த்தேன், எனக்குக் காது சூடாகிவிட்டது. நேராக மேனேஜரிடம் போனேன்.

“சார், அசிங்கம் சார். கலங்கரை விளக்கத்துல ஒரு பொம்பளை தனியா இருக்கா. பகல்ல ஒரு பெயின்டர், ராத்திரி ஒரு இன்ஜினீயர்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதையாவது யோசிக்க வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியைத் துடைப்பார்.

“ஒரே புத்தகத்துலயா?”

“ஒரே பக்கத்துல சார்.”

“சீச்சீ” என்றார். “கிழிச்சுப் போட்டுடுங்க. இனிமே கண்ணுல பட்டா சொல்லுங்க, சீட்டைக் கிழிச்சுடறேன். உங்க சொந்தக்காரின்னு பார்க்க மாட்டேன்.”

“நானும் பார்க்கச் சொல்லல சார்” என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

கிழிக்கத்தான் ஸ்டோருக்குள் போனேன். கிழிப்பதற்கு முன்னால் என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா? நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே. போர்வை அடுக்குகளுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பகலில் பெயின்டர், தாடியும் தொப்பியுமாக, சுவருக்கு வெள்ளை அடிக்கிறான். அவன் கையில் ஒட்டிய சாயத்தை அந்த விளக்குக்காரி மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைக்கிறாள். விரலைத் துடைக்க மூன்று பக்கம்! எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் தினமும் கறை எடுக்கிறோம். எந்தக் கறைக்கும் மூன்று பக்கம் ஆகாது. ராத்திரி மழையில் இன்ஜினீயர் வருகிறான். வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. விளக்கின் அடியில், வெளிச்சம் விழாத இடத்தில், அவள் அவனுடைய சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுகிறாள். பிறகு இரண்டாவது. மூன்றாவது பொத்தானில் கை வைத்தபோது...

துண்டு முடிந்துவிட்டது. அதற்குமேல் வெள்ளை நூல்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நல்ல வேலைக்காரியாக இருந்தால் ஒரு அத்தியாயம் முடிகிற இடம் பார்த்து அறுத்திருக்க மாட்டாளா? தையல் விட்டுப்போன இடத்தில் பிளேடை வைத்திருக்கிறாள், சோம்பேறி. அன்று ராத்திரி தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றிவிட்டு மூன்றாவது பொத்தானைப் பற்றியே நினைத்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் புகைந்து வீடு நிறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அக்கா, ஏதோ தீயுது” என்று அவள் குரல். எல்லாம் உன்னால்தான் என்று கத்தத் தோன்றியது.

மறுநாள் இரண்டாம் மேசையில் சோதனை போட்டேன். நான்கு முடிச்சு கிடைத்தது. அதற்கு மறுநாள் அலமாரி மேல் கையை விட்டு ஐந்தையும் ஆறையும் பிடித்தேன். இவ்வளவு கறாரான சூப்பர்வைசர் அந்த லாண்டரிக்கு அதுவரை கிடைத்ததில்லை. பெண்கள் என்னைப் பார்த்தாலே நடுங்கினார்கள். என் ஓரகத்தி மட்டும் நடுங்கவில்லை. ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எல்லாத்தையும் கிழிச்சுட்டீங்களாக்கா?”

“சுக்கு நூறா கிழிச்சுட்டேன். ஏன், ஒட்ட வைக்கப் போறியா?”

“இல்ல, முதல் துண்டும் ரெண்டாவதும் மட்டும் இன்னும் உங்க கையில சிக்கலையேன்னு கேட்டேன். அது நாலாம் மேசை டிராயர்ல இருக்கு. அதையும் கிழிச்சுடுங்க.”

சந்தேகப்படுகிறாள் என்று தெரிந்தது. தெரிந்தும் போய் எடுத்தேன். கடமை என்று ஒன்று இருக்கிறதே.

முதல் இரண்டு துண்டையும் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயின்டரும் இன்ஜினீயரும் வேறு வேறு ஆள் இல்லை. ஒரே ஆள்! கலங்கரை விளக்கத்தை மூடிவிடலாமா என்று வேவு பார்க்க வந்த இன்ஜினீயர்தான், ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு பெயின்டராகவும் வருகிறான். இருட்டில் குரல் தெரியாதா, தாடி உதிராதா என்று என்னைக் கேட்காதீர்கள்; நானும் கேட்டேன். ஆனால் அவளுக்கு அது தெரியும். அவன் உள்ளங்கைத் தழும்பை வைத்து இரண்டாவது துண்டிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். அவனாக வாயைத் திறந்து உண்மையைச் சொல்லட்டும் என்று, தெரியாதவள்போல் காத்திருக்கிறாள். எவ்வளவு பெரிய மனசு! அந்தப் பெண்ணைப் போய் நான் மேனேஜரிடம் அவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் என்னை ஏமாற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. வெட்கம் கெட்டுப்போய்ப் பிடித்திருந்தது. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், நான்காம் பாகம் என்று அவள் கடையிலிருந்து வாங்கி வர வர, நான் சோதனை போட்டுப் பிடித்தேன். வீட்டில் ஒருநாள் என் வீட்டுக்காரரை வெள்ளைச் சட்டை போட்டுக் கையை மடித்துவிட்டு ஜன்னல் பக்கம் நிற்கச் சொன்னேன்.

“ஜன்னல்தான் தம்பி பக்கம் போயிடுச்சே” என்றார்.

“சரி, அலமாரி பக்கம் நில்லுங்க.”

நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தேன். “உடம்பு சரியில்லையா உனக்கு?” என்று கேட்டுவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சட்டையைக் கழற்றவும் இல்லை.

வினை வந்தது மூன்று முடிச்சுத் துண்டால்தான். மற்றதை எல்லாம் ஒரு தடவை படித்தேன். அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பேன். ஒருநாள் ஸ்டோரில் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் திடுதிப்பென்று கதவைத் திறந்தார். எதிரில் இருந்த அடுக்கில், ஒரு பச்சைத் தியேட்டர் துணியின் மடிப்புக்குள் துண்டைச் சொருகினேன். அவர் டிரையர் பழுதாகிவிட்டது என்று என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். நான் திரும்பி வந்தபோது அந்த அடுக்கு இல்லை. மூட்டை கட்டுகிறவர்கள் கட்டி, ஆவி இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள். ஒரே மாதிரி இருபது முப்பது மூட்டைகள். எதைப் பிரிப்பது, என்ன காரணம் சொல்லிப் பிரிப்பது? மடிப்பு ஆழமாகத்தான் இருந்தது, விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழுந்தது. மறுநாள் காலை, ஒரு நோயாளி மயக்கத்தில் படுத்திருக்க, தியேட்டர் சிஸ்டர் மூட்டையைப் பிரித்துத் துணியை உதறினார். ஆவியில் வெந்து பழுப்பேறிய ‘விளக்கடி இரவுகள்’ டாக்டரின் காலடியில் போய் விழுந்தது. அத்தனை மூட்டையையும் தள்ளிவைத்துவிட்டு, வேறு துணி வரும்வரை ஆபரேஷனை நிறுத்தி வைத்தார்கள். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருக்கலாம். மூட்டையின் முடிச்சில் தகர வில்லை தொங்கியது. மூன்றாம் மேசை.

மேனேஜர் அறையில் விசாரணை. அவர் மேசை மேல் அந்தத் துண்டு கிடந்தது. நாற்காலியில் தியேட்டர் சிஸ்டர். சுவரோரம் என் ஓரகத்தி. அவளுக்கு எதிர்ச் சுவரோரம் நான்.

“இந்த அடுக்கு உன் மேசையிலேருந்து போனதுதானே?” என்றார் மேனேஜர்.

“அடுக்கு என்னோடதுதான் சார். ஆனா இந்தத் துண்டு என்கிட்ட இல்ல. அக்கா முதல் நாளே பிடுங்கிட்டாங்க. மூணு முடிச்சு இருக்கு பாருங்க. இதைத்தான் உங்ககிட்ட கொண்டு வந்தாங்க.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நீங்க கிழிச்சுட்டதா சொன்னீங்களே?”

என் ஓரகத்தி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை என் மனசு இளகியிருக்கும். ‘சொல்லுங்க, பார்ப்போம்’ என்கிற மாதிரி ஒரு பார்வை. மாடிக் கொடியில் என் போர்வையை ஓரமாகத் தள்ளிவிட்டு நிற்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

“கிழிச்சுட்டேன் சார்” என்றேன். “இது அவ வேற எங்கேயாவது வாங்கினதா இருக்கும்.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கைகள் மட்டும் முந்தானை நுனியைப் பிடித்து மடித்தன, தேய்த்த துணியை மடிப்பதுபோலவே. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டே நிமிஷம், முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு துண்டைப் பிரித்தார். நாலு வரி உரக்கப் படித்தார், ரேஷன் அறிவிப்பு படிக்கிற குரலில். பிறகு மூடி வைத்தார்.

“இதெல்லாம் ஒரு கதையா? இதைப் படிக்கிறதுக்காகத்தான் ஆஸ்பத்திரி சம்பளம் குடுக்குதா? இப்படிப்பட்டதைப் படிக்கிறவ என்ன லட்சணத்துல வேலை பார்ப்பா?”

அவளைத்தான் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

“இவளை மாதிரி ஆட்களை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி நடத்த முடியாது. கணக்கை முடிச்சு அனுப்பிடறேன்.”

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கொழுந்தன் படுத்திருக்கும் கட்டில் கண் முன்னால் வந்தது. வந்துவிட்டுப் போய்விட்டது.

“அசிங்கம் பிடிச்ச கதை” என்று மேனேஜர் சிஸ்டரிடம் சொன்னார். “அந்தப் பொம்பளையைப் பாருங்க, மானம் மரியாதையே கிடையாது. பகல்ல ஒருத்தன் கையைத் தொடைக்கிறா, ராத்திரி இன்னொருத்தன் சட்டையைக் கழட்டறா. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஏமாத்தறா. கேடுகெட்டவ.”

“ரெண்டு பேர் இல்ல சார்!”

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன், அது என் குரலாக இல்லாமல் இருந்திருந்தால்.

“என்ன?”

“ஒரே ஆள்தான் சார். பெயின்டர்தான் இன்ஜினீயர். அவன்தான் தாடி ஒட்டிக்கிட்டு இவளை ஏமாத்த வர்றான். இவ உள்ளங்கைத் தழும்பைப் பார்த்து எப்பவோ கண்டுபிடிச்சுட்டா. அவன் வாயால உண்மை வரட்டும்னு பொறுமையா இருக்கா. ரெண்டாவது துண்டைப் படிக்காம மூணாவதை மட்டும் படிச்சா அப்படித்தான் தோணும். அவ மேல ஒரு தப்பும் இல்ல சார். நாலாம் பாகத்துல அவன் அவளை விட்டுட்டுப் போனப்பகூட ஒரு வார்த்தை திட்டல. அவளைப் போய் கேடுகெட்டவன்னு சொல்றீங்களே, எப்படி சார் மனசு வருது?”

கடைசி வார்த்தையில் என் குரல் உடைந்தேவிட்டது. கண்ணில் நீர் வேறு. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக்கூட மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

“நாலாம் பாகம் வரைக்கும் படிச்சீங்களா?” என்றார் சிஸ்டர் மெதுவாக.

என்ன சொல்வது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். டிரையர் பழுதான அன்று எந்த மடிப்பில் சொருகினேன் என்பது வரை, கேட்கக் கேட்கச் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் ஓரகத்தி சுவரை விட்டு நகர்ந்து என் எதிரில் வந்து நின்றாள்.

“கதையில வர்றவளை ஒரு வார்த்தை சொன்னதும் துடிச்சுப் போயிட்டீங்க. இங்க ரத்தமும் சதையுமா நான் நின்னேனேக்கா.”

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, அந்தப் புண்ணியம் அவருக்கு. சூப்பர்வைசர் நாற்காலி முதல் மேசைக்காரிக்குப் போனது. ஆறாம் மேசைக்காரி முதல் மேசைக்கு நகர்ந்தாள், எனக்கு ஆறாம் மேசை. வேலை நேரத்தில் கூடத்துக்குள் காகிதம் என்று ஒரு துண்டு வரக் கூடாது. படிக்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பின்கட்டு வராந்தாவில் படித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. ஐந்தாம் பாகம், அதாவது கடைசிப் பாகம், அந்த வாரம்தான் வந்தது. துண்டுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கை மாறி வரும். ஐந்தாம் மேசைக்காரியோடு நின்றுவிடும். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேரன் எடுத்தவள் படித்துப் படித்துச் சிவந்தாள். என்ன ஆயிற்று, திரும்பி வந்தானா, விளக்கை மூடிவிட்டார்களா? ஒருத்தி வாயைத் திறக்க வேண்டுமே!

முதன்முறையாக ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். தலையைக் குனிந்துகொண்டு பெயரைச் சொன்னேன். “அஞ்சாம் பாகம் ஒண்ணுதான் வந்துச்சு. ஆஸ்பத்திரி லாண்டரியிலேருந்து ஒரு அம்மா வாங்கிட்டுப் போனாங்களே” என்றார் கடைக்காரர். ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கணவனுக்குப் படித்துக் காட்டுவது கேட்கும். முக்கியமான இடம் வந்ததும் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்துவாள். அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். அப்போதும் தெளிவாகக் கேட்கவில்லை.

கடைசியில் மாடியில், கொடிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேவிட்டேன்.

“அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடு.”

ஈரப் போர்வையை உதறினாள். தண்ணீர் என் மேல் தெறித்தது. “தர்றேன். ஆனா தனியா உக்காந்து படிக்க விடமாட்டேன். வராந்தாவுல எல்லார் முன்னாடியும் உரக்கப் படிக்கணும். மேனேஜர் ரூம்ல எவ்வளவு அழகா சொன்னீங்க!”

“எல்லாரும் படிச்சாச்சே. இன்னும் எதுக்கு?”

“கடைசித் துண்டை நான் யாருக்கும் குடுக்கல. உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்.”

பழிவாங்கத்தான் என்று எனக்குத் தெரியாதா? அசிங்கம், அசிங்கம் என்று கத்திய வாயாலேயே அதைப் படிக்க வைக்க வேண்டும். சரி என்றேன். முதல் ஐந்து துண்டையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போய், மறுநாள் மத்தியானத்துக்குள் படித்து முடித்துவிட்டேன்.

மத்தியானம் வராந்தாவில் எல்லோரும் டப்பாவை மூடிவிட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன். ஆறு முடிச்சு போட்ட துண்டைப் பிரித்து, துணிக் கணக்கு ஒப்பிக்கிறவள்போல் கடகடவென்று படித்தேன். அவன் மழையில் படியேறி வருகிறான். சட்டை நனைந்திருக்கிறது. இவனுக்கு ஒரு குடை வாங்கத் துப்பில்லையா என்று யாரோ சிரித்தார்கள். “மெதுவா படிங்கக்கா, யாரும் துரத்தல” என்றாள் என் ஓரகத்தி. எனக்கு முகம் எரிந்தது. ஆனால் நான்கைந்து பக்கம் போனதும் அவர்கள் இருப்பதே எனக்கு மறந்துபோனது. அவன் விளக்கின் அடியில் நின்று முதல்முறையாகத் தன் நிஜப் பெயரைச் சொல்கிறான். அவள் அவன் உள்ளங்கையைத் திருப்பித் தழும்பின் மேல் உதட்டை வைக்கிறாள். என் குரல் தானாகவே தாழ்ந்தது. அவள் கை அவன் சட்டைப் பொத்தானுக்குப் போனது. நான் மூச்சு வாங்கத் தலையை நிமிர்த்தினேன்.

ஒருத்திகூட அசையவில்லை. ஐந்தாம் மேசைக்காரி வாயைத் திறந்தபடி இருந்தாள். என் ஓரகத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் படிக்கவில்லை! வாங்கிய அன்றிலிருந்தே பிரித்துப் பார்க்காமல் எனக்காக வைத்திருந்திருக்கிறாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துண்டை மூடினேன்.

“மீதி நாளைக்கு.”

வராந்தாவே கத்தியது. சண்டாளி என்றாள் ஒருத்தி. கஞ்சி என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள் இன்னொருத்தி. நான் டப்பாவைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தேன். இத்தனை நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

“பரவாயில்லக்கா” என்றாள் என் ஓரகத்தி, எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே. “எனக்கு முடிவு தெரியும். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துட்டேன். அவ அவனை வேண்டாம்னுட்டு, விளக்கை அணைச்சுட்டுப் போயிடறா.”

“பொய்!”

“போய்ப் பாருங்க.”

“இவ்வளவு நாள் பொறுத்திருந்தவ இப்ப எதுக்குப் போகணும்? உண்மையைத்தான் சொல்லிட்டானே! போக மாட்டா, நீ சும்மா சொல்ற!”

பையைக் கீழே போட்டுவிட்டுத் துண்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போயிருக்கலாம், மனசு வரவில்லை. விட்ட இடத்திலிருந்தே படித்தேன், நின்றபடியே, உரக்கவே. மூன்றாவது பொத்தானும் வந்தது, நான்காவதும் வந்தது, அதற்கு மேல் உள்ளதும் வந்தது. எதையும் விடாமல் படித்தேன். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. முதல் மேசைக்காரி சூப்பர்வைசர் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு விரட்ட வந்து, தூணில் சாய்ந்து கேட்க ஆரம்பித்தாள். கடைசி வரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை.

அப்பாடா என்று தலையை நிமிர்த்தினால், என் ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள்.

“பொய்தானே சொன்னே?”

“ஆமா” என்றாள். “நீங்க மேனேஜர் ரூம்ல சொன்னதைவிடச் சின்னப் பொய்தான்க்கா.”

சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள். நானும் ஆறாம் மேசைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். அன்று சாயங்காலம் வரை அவளுக்கு ஒரு நல்ல பதிலாக யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. புத்தகத்தை மட்டும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.